கடலூரிலிருந்து ஆறு நாள் கார் பயணம்: எந்தத் தேசியப் பூங்கா முதலில்?

கேள்வி இதுதான். மே மாதம் இரண்டாவது வாரத்தில் ஆறு நாள் லீவு. கடலூரிலிருந்து சொந்த காரில் நீங்கள், மனைவி, பத்து வயசு மகள், அறுபத்தெட்டு வயசு அப்பா. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, டாப்ஸ்லிப், எரவிகுளம், தேக்கடி ஆறையும் ஒரே சுற்றில் பார்த்துவிட முடியுமா? முடியாதென்றால் எதை முதலில் வைப்பது, எதை விடுவது?

ஆறையும் பார்க்க முடியாது, தம்பி. வண்டி ஓட்டி முடித்துவிடலாம், ஆனால் காட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த முறை டாப்ஸ்லிப், எரவிகுளம் இரண்டு மட்டும் போதும். மற்ற நான்கையும் ஏன் பின்னால் தள்ளுகிறேன் என்பதையும், வேறு மாதமாக இருந்தால் வரிசை எப்படி மாறும் என்பதையும் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பையன்களை அழைத்துக்கொண்டும் குடும்பத்தோடும் இந்தக் காடுகளுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகப் போய் வருகிறேன். முதல் தடவை நானும் உங்களைப் போல்தான் திட்டம் போட்டேன். ஐந்து நாளில் நான்கு காடு. ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி, அடுத்த காட்டுக்கு மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நான்கு காட்டிலும் சேர்த்துப் பார்த்தது புள்ளிமான், குரங்கு, மயில், மரத்தடியில் படுத்திருந்த ஒரு மிளா. கோடை நடுப்பகலில் யானை அடர்ந்த நிழலுக்குப் போய்விடும், காட்டுமாடு சோலைக்குள் ஒதுங்கிவிடும், பறவைகள்கூட அடங்கிவிடும். விடிந்து இரண்டு மணி நேரம், அந்தி சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம், காடு கண்ணில் படுவது அவ்வளவுதான்.

அதனால் கிலோமீட்டரை எண்ணாமல், எத்தனை விடியற்காலை கிடைக்கும் என்று எண்ணுங்கள். காலை ஆறு மணிக்கு நீங்கள் காட்டுக்குள்ளேயோ அதன் வாசலிலோ இருக்கிறீர்களா? என் வரிசை முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். நம் ஊர் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு நேர் எதிர்ப்பக்கம். எந்த வழியில் போனாலும் ஒரு முழுப் பகல் போகவும், ஒரு முழுப் பகல் வரவும் கழிந்துவிடும். ஆறு நாளில் கையில் மிஞ்சுவது நான்கு விடியல். அதை ஆறு காட்டுக்குப் பங்கு போட முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் மூன்றும் ஒன்றல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சல், தனியார் உரிமை எதற்கும் இடமில்லை. சரணாலயத்தில் சிலவற்றை அனுமதிக்கலாம். புலிகள் காப்பகம் இவை எல்லாவற்றையும் சேர்த்து மேலே போர்த்திய பெரிய போர்வை. முதுமலையில் தேசியப் பூங்கா 103 சதுர கிலோமீட்டர்தான், புலிகள் காப்பகம் சுமார் 688 சதுர கிலோமீட்டர். டாப்ஸ்லிப் இருக்கும் ஆனைமலையிலும் பூங்கா 117 சதுர கிலோமீட்டர் அளவுதான், சுற்றியுள்ள காப்பகம் அதைவிடப் பல மடங்கு. சுற்றுலாப் பயணிகளை விடுவது பெரும்பாலும் ஓரப் பகுதிகளில்தான். அது சரியான ஏற்பாடு. பூங்கா என்று பலகை வைத்த இடத்தில் மட்டும்தான் விலங்கு இருக்கும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் ஓட்டிப் போகும் ரோட்டோரக் காட்டிலும் அதே யானைதான் நடக்கிறது.

சரி, முதல் இடத்தை ஏன் டாப்ஸ்லிப்புக்குக் கொடுக்கிறேன்? இந்த ஆறில், காரை ஓரங்கட்டிவிட்டுக் காட்டோடு இருக்க வைக்கும் இடம் அதுதான். பொள்ளாச்சியிலிருந்து வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக ஏறினால் நாற்பது கிலோமீட்டருக்குள். மேலே வனத்துறையின் தங்கும் விடுதிகள் உள்ளன. அங்கே இரவு தங்கினால் விடியலுக்காக வண்டியை எடுக்கவே வேண்டாம். கதவைத் திறந்தால் புல்வெளியில் புள்ளிமான் மேயும், காட்டுப்பன்றி குட்டிகளோடு போகும். வனத்துறை வண்டியில் சவாரி உண்டு, காட்டை அறிந்த பழங்குடி வழிகாட்டியோடு நடைப்பயணமும் உண்டு. உங்கள் மகளுக்கு அந்த நடைதான் முக்கியம். ஜன்னல் வழியாகப் பார்த்த யானையைவிட, காலடியில் கிடக்கும் யானை லத்தியைக் குச்சியால் கிளறி, உள்ளே என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பது ஒரு குழந்தை மனசில் அதிக நாள் நிற்கும். என் வகுப்புப் பிள்ளைகள் பல வருஷம் கழித்துப் பார்க்கும்போதும் அதைத்தான் கேட்டார்கள்.

டாப்ஸ்லிப் என்ற பெயரே ஒரு கதை. ஆங்கிலேயர் காலத்தில் மலை உச்சியில் வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிக் கீழே விட்ட இடம் அது. கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் மரம் வேண்டும் என்று வெட்டி வெட்டி மலையை மொட்டையாக்கினார்கள். பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஹியூகோ உட் என்ற வன அதிகாரி வெட்டுவதற்கு ஒரு முறை வகுத்து, வெட்டிய இடத்தில் மறுபடி தேக்கை வளர்த்தார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் கல்லறை அங்கேயே, தேக்கு மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ‘என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறீர்களா, சுற்றிப் பாருங்கள்’ என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று அதில் பொறித்திருக்கிறது. அப்பாவை அங்கே கட்டாயம் அழைத்துப் போங்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒரு மரம் மறுபடி எழுந்து நிற்க எத்தனை வருஷம் ஆகும் என்று நம் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கல்லறை முன்னால் நின்றால் அவருக்குப் புரியும்.

பக்கத்தில் கோழிகமுத்தி யானை முகாம். மலசர் சமூகத்தைச் சேர்ந்த மாவுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக யானை பழக்குகிறார்கள். 2019ல் செய்தியில் அதிகம் அடிபட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானையை நினைவிருக்கிறதா? கோவை தடாகம் பக்கம் பிடித்துக் காட்டுக்குள் விட்டார்கள். அவன் அங்கே இருக்காமல் உடுமலைப் பக்கக் கரும்புக் காட்டுக்கு நடந்தே வந்துவிட்டான். மறுபடி பிடித்து இந்த ஆனைமலை முகாமுக்குத்தான் கொண்டுவந்தார்கள். மகளிடம் இந்தக் கதையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முகாம் யானைகள் தின்னும் ராகிக் களி உருண்டையை அவள் வெறும் தீனியாகப் பார்க்க மாட்டாள்.

புலி பார்க்கலாமா என்றால், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது உயரமான, அடர்ந்த காடு. பத்தடிக்கு அப்பால் கண் போகாது. இருவாச்சி, மலை அணில், கருமந்தி இவை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும், பறவை பிறகுதான் தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே நான் மூன்று முறை திரும்பிப் போயிருக்கிறேன்.

இரண்டாவது, மூணாறு பக்கத்தில் இருக்கும் எரவிகுளம். காடு என்ற அளவில் இதைவிடப் பெரியவை இருக்கின்றன, இது 97 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் இந்த ஆறில், போனால் பார்த்தே தீருவோம் என்று கிட்டத்தட்ட உறுதி சொல்லக்கூடிய ஒரே பூங்கா இது. உலகிலேயே ஒரே இடத்தில் வரையாடு மிக அதிகமாக வாழ்வது இங்கேதான். நம் மாநில விலங்கைப் பார்க்க மூணாறு வரை போக வேண்டியிருக்கிறதே என்று தோன்றலாம். நம் பக்கம் நீலகிரியில் உள்ள முக்குருத்தி தேசியப் பூங்காவும் வரையாட்டுக்காகவே அமைந்தது, ஆனால் அங்கே பொதுமக்கள் நினைத்தபடி போய்வர முடியாது. அதனால்தான் அதை வரிசையிலேயே சேர்க்கவில்லை. எரவிகுளத்தில் ஆட்டுக்கும் மனிதனுக்கும் பல வருஷப் பழக்கம். ராஜமலைச் சரிவில் ரோட்டோரமாகவே நின்று மேயும். சங்கப் பாட்டுகளில் வருடை என்று வரும் மலையாடு இதுதான் என்பார்கள். செங்குத்துப் பாறையில் அது கால் வைக்கும் விதத்தைப் பார்த்தால், புலவர்கள் ஏன் அதைப் பாட்டில் வைத்தார்கள் என்று தெரியும்.

அப்பாவுக்கும் இது ஒத்துவரும். சொந்த வண்டியை வாசலில் விட்டுவிட வேண்டும், வனத்துறை பஸ்ஸில் மேலே ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு தார் ரோட்டில்தான் நடை. காற்று மெலிந்திருக்கும், சரிவும் உண்டு, அவசரப்படுத்தாமல் நடக்கவிடுங்கள். தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இந்தப் பூங்காவில்தான் இருக்கிறது. மேகம் விலகினால் கண்ணெதிரே நிற்கும். குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். மே மாதம் திறந்திருக்கும், குட்டிகளும் தாயோடு நடமாடும். குறிஞ்சிப் பூ இப்போது கிடைக்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மலை முழுக்கப் பூக்கும், கடைசியாக 2018, அடுத்தது 2030. டிக்கெட்டை ஆன்லைனில், காலை முதல் நேரத்துக்கு எடுங்கள். மே மாதத்தில் பத்து மணிக்குப் போனால் வரிசையில் நின்றே அரை நாள் போய்விடும்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்ததற்கு உண்மையான காரணம் நடுவில் இருக்கும் ரோடு. உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறும் பாதை, சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். முதலில் ஆனைமலைக் காப்பகத்தின் அமராவதிப் பக்கக் காடு, மாநில எல்லை தாண்டியதும் சின்னாறு சரணாலயம். மழை மறைவுப் பிரதேசம் என்பதால் இது முள்ளும் கள்ளியுமான வறண்ட காடு. டாப்ஸ்லிப்பின் பச்சையிலிருந்து வந்தவர்களுக்கு இதே மலைதானா என்று சந்தேகம் வரும். மரம் உயரமில்லை, இடைவெளி அதிகம், அதனால் விலங்கு எளிதாகத் தெரியும். யானை, காட்டுமாடு, மரக்கிளையில் சாம்பல் நிற மலை அணில் எல்லாம் இங்கே உண்டு. அந்த அணில் மிகச் சில காடுகளில் மட்டும் வாழ்வது. மறையூர் வந்தால் வேலி போட்ட சந்தனக் காடு, பாறை மேல் முனியறை என்று சொல்லும் பழைய கல்லறைகள், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். அப்புறம் தேயிலை. ஒரே காலையில் நான்கு விதமான நிலம். இந்தப் பாதையை விடிந்ததும் பிடிக்க வேண்டும், அதற்காகவே முதல் நாள் இரவு உடுமலையில் தங்கச் சொல்கிறேன்.

மூன்றாவது இடம் முதுமலையும் பந்திப்பூரும். இரண்டையும் நான் பிரிப்பதில்லை. மாநில எல்லைதான் பிரிக்கிறது, யானை பிரிப்பதில்லை. பந்திப்பூர் 1973ல் தொடங்கிய புலிகள் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று, அதற்கும் முன்பு மைசூர் மன்னரின் காடு. திறந்த வறண்ட காடு என்பதால் டாப்ஸ்லிப்பைவிடப் புலி கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். சும்மா ரோட்டில் போகும்போதே யானை பார்க்கலாம். பிறகு ஏன் மூன்றாவது? மே மாதம் என்பதால்தான். ஊட்டி சீசன் உச்சத்தில் இருக்கும். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை நெரிசலில் ஊர்ந்து போனால் ஒரு மாலையோ ஒரு விடியலோ அங்கேயே போய்விடும். 2023ல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்துக்குப் பிறகு தெப்பக்காடு யானை முகாமிலும் கூட்டம் அதிகம்.

அக்டோபரிலோ ஜனவரி கடைசியிலோ போவதாக இருந்தால் இதை முதலிடத்துக்கே ஏற்றிவிடுவேன். அப்போது மூன்று விஷயம் மறக்காதீர்கள். பந்திப்பூர் வழியாக இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டி போக முடியாது, 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு. வெளி மாவட்ட வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை, நம் டி.என். 31 வண்டியும் புதுச்சேரி பி.ஒய். வண்டியும் கூடலூர் சுற்றித்தான் இறங்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

நாகரஹொளேவை நான்காவதாக வைக்கும்போது எனக்கே மனசு ஒப்பவில்லை. விலங்கு மட்டும்தான் அளவுகோல் என்றால் மே மாதத்தில் இதுதான் ஆறிலும் முதல். கபினி அணையில் கோடையில் தண்ணீர் வற்றும். வற்றிய கரையில் புதுப்புல் முளைக்கும். சுற்றியுள்ள காட்டில் எல்லாம் காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் பச்சை. பந்திப்பூர்ப் பக்கமிருந்தும் நாகரஹொளேப் பக்கமிருந்தும் யானைக் கூட்டங்கள் அங்கே வந்து சேரும். ஒரு மாலையில் எண்ணி முடிக்க முடியாத அளவு யானையை நான் பார்த்த ஒரே இடம் அது. ஆனால் நம் ஊரிலிருந்து இந்த ஆறில் அதிக தூரம் அதுதான், குடும்பத்தோடு போனால் ஒன்றரை நாள் ஆகிவிடும். கபினியில் தங்கும் செலவும் நான்கு பேருக்குக் கணிசமானது. பத்து நாள் லீவு கிடைக்கும் வருஷம் மைசூரையும் சேர்த்து இதற்கென்றே தனியாகப் போங்கள்.

தேக்கடி ஐந்தாவது. ஏரி அழகுதான். 1895ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் மூழ்கிய பள்ளத்தாக்கு அது. மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்னும் தண்ணீருக்கு மேலே நிற்கும், அதில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காயும். அப்பாவுக்குக் கால் வலி அதிகம் என்றால் உட்கார்ந்தபடியே பார்க்க இதைவிட வசதியான காடு இல்லை. ஆனால் லீவு நாளில் படகில் எழும் சத்தத்தில் கரைக்கு வந்த விலங்கும் திரும்பிவிடுகிறது. முதல் படகில் போக முடிந்தால் மட்டும் போங்கள்.

அமைதிப் பள்ளத்தாக்கை நீங்கள் கேட்கவில்லை. விலங்கைவிட மரம் பார்க்க ஆசை வரும் வருஷம் முக்காலியிலிருந்து வனத்துறை ஜீப்பில் போய் வாருங்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள், கார் பயணத்துக்கான இடமே அல்ல. அது தனிப் பயணம்.

இப்போது நாள் கணக்கு. முதல் நாள் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். வடலூர், நெய்வேலி, விருத்தாசலம் தாண்டுவதற்குள் லாரி கூடாமல் இருக்கும். சின்னசேலத்தில் சேலம் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் பிறகு நல்ல ரோடு. சேலம், கோவை, பொள்ளாச்சி வழியாக 400 கிலோமீட்டர் அளவு. மதியத்துக்குள் பொள்ளாச்சி, சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே சேத்துமடை சோதனைச் சாவடி. இருட்டிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இரண்டாம் நாள் முழுக்க டாப்ஸ்லிப். மூன்றாம் நாள் காலையும் அங்கேயே இருந்துவிட்டு, பிற்பகல் இறங்கி உடுமலை. நான்காம் நாள் விடிந்ததும் சின்னாறு, மாலைக்குள் மூணாறு. ஐந்தாம் நாள் முதல் பஸ்ஸில் எரவிகுளம், மதியம் போடிமெட்டு வழியாக இறங்கித் தேனி. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் இரண்டாம் கியரில் விடுங்கள். ஆறாம் நாள் திண்டுக்கல், திருச்சி வழியாக வீடு. அந்த நான்கு விடியலும் காட்டில்தான் கழியும்.

ரோட்டில் யானை குறுக்கே நின்றால் ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்ட வேண்டாம். தூரமாகவே நிறுத்துங்கள், இன்ஜின் ஓடட்டும், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள். குட்டி இருந்தால் இன்னும் பின்னால் போய்விடுங்கள். யாரும் போட்டோவுக்காக இறங்கக் கூடாது. சாலையோரக் குரங்குக்கு பிஸ்கட் போட வேண்டாம் என்று மகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் அழுவாள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரத்துக்கு முதல் படகுக்குப் போய், ஒரு மணி நேரம் பேசாமல் பார்க்கப் பழக்குங்கள். குளிர்காலமாக இருந்தால் கோடியக்கரையைச் சொல்லியிருப்பேன், வெளிமானும் வலசை வரும் பறவைகளும் அங்கே கிடைக்கும்.

டாப்ஸ்லிப் அறைதான் முதலில் தீர்ந்துபோகும். தேதி முடிவானதும் பதிவு செய்ய வேண்டியது அதைத்தான், மூணாறு ஓட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அறை கிடைக்காவிட்டால் ஆனைமலை ஊரிலோ பொள்ளாச்சியிலோ தங்கி, சாவடி திறக்கும்போது முதல் வண்டியாக நில்லுங்கள். அதுவும் முடியாத தேதி என்றால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், ஜூன் முதல் வாரத்துக்கு மேல் மட்டும் தள்ள வேண்டாம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேலே அட்டையும் வழுக்கலும், அப்பாவால் நடக்க முடியாது.